போல்ட்டில் இட்ட திருநீறு

சுவரில் எழுதிய சித்திரமாய் நின்றபடியே ஆட்டம் ஓயாதவனே, தூக்கிய திருவடியின் நிழலில் இந்த எளியவனுக்கும் ஒரு சாண் இடம் தந்தவனே, உன்னை முன்வைத்தே எதையும் தொடங்கிப் பழகிய கை இது. ஆகையால் ஸ்பேனரைத் தொடுமுன்னும் உன் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நாளை உன் திருவாதிரை. விடியுமுன் உன் அடியாரை ஏற்றிக்கொண்டு இந்தக் கார் பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலத்துச் சித்திரசபைக்குப் புறப்பட வேண்டும். அதை நான் ஓட்ட வேண்டும். இன்று மாலைக்குள் இன்ஜினின் எண்ணெய்க் கசிவு நிற்காவிட்டால் வாடகை வேன் வந்துவிடும், நானும் அதில் ஒரு மூட்டையைப் போல ஏற்றப்படுவேன். நீண்ட ஆயுள் கேட்கவில்லை, பேரப்பிள்ளைகளின் உத்தியோகம் கேட்கவில்லை. இந்த இன்ஜின் மூடியின் விளிம்பில் எண்ணெய்க் கசிவு நிற்க வேண்டும், அவ்வளவே.

மத்தியானச் சாப்பாடு முடிந்து என் வீட்டுக்காரி உலகம்மை உள்ளே சாய்ந்திருக்கிறாள், நான் கொட்டகையில் பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன், இன்ஜின் குளிர்ந்திருக்கிறது, கீழே அவள் வைத்த பழைய அலுமினியத் தாம்பாளத்தில் கறுப்பாய் எண்ணெய் தேங்கியிருக்கிறது, அதில் கொட்டகைக் கூரையின் ஓட்டை ஒரு வெள்ளிக்காசு போலத் தெரிகிறது. நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்த காலமெல்லாம் எத்தனை இயந்திரங்களின் கசிவை நிறுத்தியிருப்பேன், ஒன்றுகூட என்னிடம் இப்படிப் பொய் சொன்னதில்லை. ஐப்பசியில் மூடியின் ரப்பர் பேக்கிங் மாற்றியாயிற்று, சரியாகிவிட்டது என்று நிம்மதியாய் இருந்தேன், சில நாளில் தரையில் மறுபடியும் ஒரு பொட்டு, பிறகு உள்ளங்கை அளவு, பிறகு இந்தத் தாம்பாளம். அப்போது குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு குனியக்கூடாது என்று கட்டிலில் கிடந்தேன். ஆகவே குற்றாலலிங்கம்தான் வந்து மாற்றிக் கொடுத்தார். முன்பு பட்டறை வைத்திருந்தவர், பதிகம் ஓதும் எங்கள் கூட்டத்தில் என் வலப்பக்கத்துக் குரல், என் வயதுக்காரர். அவர் கை பட்டும் ஒழுகுகிறதென்றால் கடைக்காரன் தந்த பேக்கிங் மட்டமானது என்று கடைக்காரனை வைதேன், பிறகு காரை வைதேன், பிறகு ஒரு பிரதோஷத்தன்று உன்னையே வைதேன், மறந்திருப்பாய். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொண்டு உண்டு. ஆவுடையப்பன் பூத்தொடுப்பார். குற்றாலலிங்கம் சிவராத்திரியன்று சாண உருண்டைகளை உமியில் மூட்டம் போட்டு எரித்துத் திருநீறு சலிப்பார், வருடம் முழுவதும் எங்கள் நெற்றிக்கெல்லாம் அவர் வீட்டு நீறுதான். எனக்குத் தொடுக்கவும் வராது, சலிக்கவும் வராது. அடியாரைச் சுமந்துபோய் உன் வாசலில் இறக்குவது என் தொண்டு. இந்த ஸ்டீயரிங்கை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. பாடிக்கொண்டே ஓட்டுவேன், அவர்கள் பாடிக்கொண்டே வருவார்கள், சாலை ஓரத்துப் புளியமரங்களும் எங்களோடு தாளம் போடுவதாகத் தோன்றும். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போய்த் திரும்பிய அந்தச் சாயங்காலம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. பதிகத்தின் கடைசி வரியை இழுத்துப் பாடிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து இருக்கையிலிருந்து குற்றாலலிங்கத்தின் கை மெல்ல வந்து ஸ்டீயரிங்கின்மேல் இருந்த என் கையின்மேல் அமர்ந்தது. சூடாக, கொஞ்சம் நடுங்கியபடி. பின்னிருக்கையிலும் பாட்டு நின்று அமைதியாகிவிட்டது. இரண்டு கைகள் ஒரு கையாகி, அந்தக் கை உன்னைப் பற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். என் வாழ்க்கையில் ஒருவரும் என்னை அப்படித் தொட்டதில்லை.

பிளக் வயர்களைக் கழற்றி ஓரமாய் வைத்தாயிற்று, இன்ஜினின் ரப்பர் மூச்சுக்குழாயைப் பிடுங்கியாயிற்று, இனி இந்த டேப்பட் கவர், இன்ஜினின் தலைக்கு மூடி. இதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினால் விளிம்பின் பள்ளத்தில் ரப்பர் பேக்கிங் இருக்கும். புகைக்குழாய் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். முதல் போல்ட்டு இறுக்கமாக, மரியாதையாக, சிறு முனகலோடு விடுகிறது. அதன் தலையிலிருந்து கவர் வரைக்கும் இருந்த ஒரு வெள்ளைக் கீற்று இரண்டாகிறது. பார்த்ததும் சிரிப்பு வந்தது. குற்றாலலிங்கத்தின் கீற்று. பட்டறை நாளிலிருந்தே அவருக்கு அந்தப் பழக்கம்: ஒரு போல்ட்டை இறுக்கி முடித்ததும் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, போல்ட்டின் தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து ஒரு கோடு இழுப்பார். ஈசனுக்கு ஒப்படைத்தேன் என்பது ஒரு பொருள். போல்ட்டு தானாகச் சுழன்று தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது இன்னொரு பொருள். மற்றவர்கள் பெயிண்டால் செய்வதை அவர் நீற்றால் செய்தார். நீறு பொய் சொல்லாதுவே என்பார். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் இறுக்கம், எல்லாவற்றிலும் கோடு. பிறகு என் பக்கத்து வரிசைக்கு வந்து ஸ்பேனரை வைத்தேன், வைத்த கனத்துக்கே போல்ட்டு சுழன்றது. ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் திருகினேன். திருகியது, ஊறுகாய்ச் சீசாவின் மூடி போல. அடுத்ததும் அப்படியே. அடுத்ததும். சூட்டிலும் குளிரிலும் இரும்பு விரிந்து சுருங்கித் தளர்ந்திருக்கும் என்று ஒரு மனம் சொல்லி முடிக்குமுன் இன்னொரு மனம் குனிந்து பார்க்கச் சொன்னது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னும் விரல் படாத கடைசிப் போல்ட்டைப் பார்த்தேன். கோடு இருந்தது. முறியவில்லை. தலையிலிருந்து இரும்புக்கு நேராக, ஒரு மயிரிழை விலகாமல். தொட்டால் தளர்ந்திருக்கிறது, கோடு நேராக இருக்கிறது. தானாகத் தளர்ந்திருந்தால் கோடு இரண்டாகியிருக்கும். ஆகவே தளர்வாக விட்ட பிறகுதான் கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. கவரைத் தூக்கினேன், உள்ளே தங்க நிற எண்ணெயில் கேம் தண்டு சாந்தமாகக் கிடக்கிறது, பள்ளத்தில் இருந்த பேக்கிங்கை உருவி எடுத்தேன். மெத்தென்று வளைகிறது, ஒரு கீறல் இல்லை, மூலைகளில் பசை வைக்க வேண்டிய அளவில் வைத்திருக்கிறார், பள்ளத்தைப் பாத்திரம் துலக்குவதுபோலத் துலக்கியிருக்கிறார். கடைக்காரன் பாவம். கார் பாவம். நீ பாவம். குற்றமற்ற பேக்கிங் என் விரலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மறந்திருப்பார் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பை அணைத்தோமா என்று உலகம்மை தெருமுனையிலிருந்து திரும்பி ஓடுவதுபோல எல்லோருக்கும் மறதி உண்டு. ஆனால் ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கி மறுபக்கத்தை முழுவதும் மறப்பதா, மறந்ததன்மேல் கோடு இழுப்பதா? அதுவும் எந்தப் பக்கத்தை? புகைக்குழாய்ப் பக்கம் ஒழுகினால் சூட்டில் எண்ணெய் பட்டுப் புகையும், பற்றியும்கொள்ளும். அந்தப் பக்கத்தை இரும்புப் பூட்டாய்ப் பூட்டிவிட்டு, ஒழுகினாலும் தரையில் மட்டும் ஒழுகும் இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். யோசித்துச் செய்தது. பொறுமையாக, பத்திரமாக, என்மேல் அக்கறையோடு செய்த துரோகம்; அக்கறை இருப்பதுதான் கூடுதலாகக் கசக்கிறது, விரோதி செய்திருந்தால் இவ்வளவு நேர்த்தி இருக்காது. எதற்காக? ஸ்டீயரிங்மேல் ஆசையா? கார்த்திகையிலிருந்தே, வேன் வச்சிருவோமா, வயசாகுதுல்லா, கால நீட்டி உக்காரலாம் என்று அவ்வப்போது பல்லைக் குத்திக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன், கார் ஒழுகுதேவே என்றார், ஒழுகுதே என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாரா தரையைப் பார்த்தாரா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை, அந்த ஒரு முகம் மட்டும் வரவில்லை. வருவதெல்லாம் சந்நிதியில் என் நெற்றியில் நீறு பூசிவிடும் முகம்தான். நெற்றியிலும் அதே நீறு, அதே விரல். போல்ட்டில் இட்டது பொய்யென்றால் நெற்றியில் இட்டது எந்தக் கணக்கு? சீச்சீ, அப்படிப் போகாதே மனமே. போகிறது. ஒரு தூணைச் சுற்றும் கன்றுக்குட்டியாய்க் கயிறு குறுகக் குறுகச் சுற்றி, கடைசியில் தூணில் முகம் மோத நிற்கிறது: நான் ஓட்டக்கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். ஏன்?

காப்பி டம்ளரோடு உலகம்மை வந்து நின்றாள். கழற்றிப் போட்ட கவரையும் என் கையிலிருந்த பேக்கிங்கையும் பார்த்தாள். பிறகு, இவ்வளவு வருடத்தில் ஒருமுறைகூட இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்திராதவள், நேராக அந்தப் பக்கத்துப் போல்ட்டுத் துளைகளைப் பார்த்தாள். அவள் எங்கே பார்த்தாள் என்பதைக் கண்டபோது அவளுக்கும் தெரியும் என்று புரிந்தது. அவளே டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதிய. நாந்தான் அழுதுட்டுச் சொன்னேன், எப்படியாவது இந்தக் கார நிப்பாட்டிக் குடுங்கன்னு.”

ஏன் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததா தெரியவில்லை, அவள் பதில் சொன்னாள். நான் பாடும்போது கண்ணை மூடிக்கொள்கிறேனாம். முதலில் இமைப்பதுபோல இருந்ததாம், வர வரக் கடைசி வரி முழுவதும் மூடியே இருக்கிறதாம். பூசையறையில் மூடினால் யாருக்கு என்ன, மூடட்டும் என்று இருந்தாளாம். ஆடித்தபசன்று மானூர்ப் பக்கம் வரும்போது கார் தானாக வலதுபுறம் ஏறிப் போயிற்றாம், எதிரே லாரி, அவன் அலறவிட்ட ஹாரன் எனக்குக் கேட்கவில்லையாம், குற்றாலலிங்கம் கையை நீட்டி ஸ்டீயரிங்கை இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்தாராம். பின்னிருக்கையில் இவளும் ஆவுடையப்பனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

“கண்ணத் தொறந்துட்டு அண்ணாச்சியப் பாத்துச் சிரிச்சிய. கண்ணுல தண்ணி வேற. அதப் பாத்தப்புறம் எந்த வாயால சொல்ல?”

அந்தக் கை. சூடாக, கொஞ்சம் நடுங்கியபடி வந்து என் கையின்மேல் அமர்ந்த கை. ஈசனே, அதை நான் எத்தனை நாள் நினைத்து நினைத்து உருகியிருக்கிறேன், கட்டிலில் கிடந்தபோது வலிக்கு மருந்தாக அதையல்லவா எடுத்து எடுத்துத் தடவிக்கொண்டேன். அது என் உயிரைப் பிடித்து இழுத்த கை, அன்பில் வந்ததல்ல, பயத்தில் வந்தது, அல்லது பயமும் அன்புதானோ, தெரியவில்லை, ஆனால் நான் நினைத்த கை அல்ல. பாட்டு நின்ற அந்த அமைதி பக்தியால் வந்த அமைதி அல்ல, பேச்சுமூச்சற்ற நடுக்கம். காரில் இருந்த எல்லோருக்கும் ஒரு சாயங்காலம் நடந்தது, எனக்கு மட்டும் வேறொரு சாயங்காலம் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனை பிரதோஷம் கூடிப் பாடியிருப்போம், எத்தனை பேர் என் முகத்தைப் பார்த்து, கைலாசமுத்து பாடினா உருகுது என்று சொல்லியிருப்பார்கள். சொல்லிக்கொண்டே என் இமைகளைக் கவனித்திருக்கிறார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாற்பது வருடத்துக்குமேல் என் பக்கத்தில் படுத்தவள் சொல்லவில்லை. உப்புக் குறைந்தால் சொல்கிறவள், சட்டையில் பித்தான் மாறினால் தெருவில் நிறுத்திச் சொல்கிறவள். சாகப் பார்த்தாய் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு அஞ்சத்தக்க மனிதனா நான்? அப்படி ஒருவன்தான் என்னுள் இருக்கிறானா, அவனையும் நான் பார்த்ததில்லையா? காப்பி ஆறி ஆடை படிந்தது. போய்ப் படு என்றேன். போகவில்லை, உள்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் கவரின் விளிம்பைத் துடைக்கத் தொடங்கினேன், ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத்தான், பெட்ரோல் நனைத்த துணியால், மறுபடியும் மறுபடியும். அவர் வைத்த பேக்கிங்கில் பழுதில்லை, அதையே வைக்கலாம், நூற்பாலையில் என்றால் அதைத்தான் வைத்திருப்பேன். வாங்கி வைத்திருந்த புதியதை உறையைக் கிழித்து எடுத்து வைத்தேன்.

வெயில் சாய்ந்தபோது வாசலில் சைக்கிள் நின்றது. குற்றாலலிங்கம். பூத்துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேன்காரன் ஒரு பதில் கேட்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திறந்த பானெட்டையும், படியில் உட்கார்ந்திருந்த உலகம்மையையும், என்னையும் வரிசையாகப் பார்த்துவிட்டுத் துவாலையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். நெற்றியில் நீறு கலையாமல் இருந்தது. என்னென்னவோ கேட்பதற்கு வைத்திருந்தேன்; மத்தியானம் முழுவதும் மனத்துக்குள் கூர்தீட்டிய சொற்கள். எல்லாம் உதிர்ந்துபோய் ஒன்றுதான் நின்றது.

“தளர விட்டீரு. சரி. நீறு எதுக்குவே வச்சீரு?”

அவர் தரையைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். கறுத்த எண்ணெயில் அவர் முகமும் தெரிந்திருக்கும்.

“வைக்கலன்னா நீரு அன்னைக்கே கண்டுபிடிச்சிருவீரு. வெரலு வரமாட்டேன்னுச்சு. வச்சேன்.”

“வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா.”

“சொன்னா என்ன செய்திருப்பீரு? ஓட்டுறத விட்டிருக்க மாட்டீரு. பாட்ட விட்டிருப்பீரு. வாய மூடிட்டு, கண்ண முழிச்சிட்டு, உம்முனு ஓட்டிட்டு வந்திருப்பீரு. அத எங்களால பாத்துக்கிட்டு வர முடியாதுவே.”

அதாவது, என்னிடமிருந்து எதை எடுப்பது எதை விடுவது என்று என்னை விட்டுவிட்டு உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். பாட்டு இருக்கட்டும், ஸ்டீயரிங் போகட்டும். நியாயமான தீர்ப்புதான், என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ, கேட்கவில்லையே. எதிரில் நிற்கிறவனை இல்லாதவனாக்கி அவனுக்கு நல்லது செய்திருக்கிறார்கள். நான் கவரைத் தூக்கிப் பொருத்தினேன், அவர் கை பழக்கத்தில் மறுமுனையைப் பிடிக்க வந்தது, வேண்டாம் என்று தோளால் தள்ளினேன், பின்வாங்கி நின்றார். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி, முதலில் விரலால், பிறகு ஸ்பேனரால். கையில் கோபம் இருக்கிறது, கோபத்தோடு ஒரு திருகு கூடுதலாகத் திருகினால் போல்ட்டின் கழுத்து முறியும், நூற்பாலையில் புதிதாக வந்தவர்களுக்கு நானே சொன்னதுண்டு. ஒவ்வொன்றிலும் அந்தக் கடைசித் திருகின் வாசல்வரை போய்த் திரும்பினேன். முடித்ததும் குற்றாலலிங்கம் மடியிலிருந்து நீற்றுப்பையை எடுத்து, பிரிக்காமல், என்னைப் பார்த்தபடி வைத்திருந்தார். நான் பார்க்காததுபோல வயர்களை மாட்டினேன். பை மடிக்குள் திரும்பிப் போயிற்று.

காரில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். ஒரே சுழற்சியில் பற்றியது. அவர் டார்ச்சை அடித்துத் தூக்கிய பானெட்டின் ஓரமாகக் குனிந்து விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய நரைத்த தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. இன்ஜின் சூடேறினால்தான் கசிவு தெரியும், காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது ஒரு வேலை செய்தேன், யாருக்கும் தெரியாமல். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைக்காமல் அந்தப் பதிகத்தை மனத்துக்குள் எடுத்தேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன், நரைத்த தலையின்மேல் பார்வையை ஆணியடித்து வைத்தேன். பொய் சொல்கிறார்கள், பார், திறந்தேதான் இருக்கிறது, முதல் வரி, இரண்டாம் வரி, தலை இருக்கிறது, டார்ச்சு வெளிச்சம் இருக்கிறது, இன்ஜினின் அதிர்வு உள்ளங்கையில் சுருதிபோல ஏறுகிறது, கடைசி வரியில் உன் பெயர் வருகிறது, அதை இழுக்க வேண்டிய இடம், இழுத்தேன், இனித்தது, இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பிறகு முன்னால் பார்த்தேன். பானெட்டின் ஓரத்தில் யாரும் இல்லை. குற்றாலலிங்கம் என் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார், டார்ச்சை அணைத்து, கதவின் கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடி. அவர் அங்கிருந்து இங்கு நடந்துவந்ததை நான் பார்க்கவில்லை. மூடியது எனக்குத் தெரியவே இல்லை, ஈசனே, திறந்திருந்ததாகவே சத்தியம் செய்திருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை, ஆடித்தபசன்று பக்கத்திலிருந்து என்னைப் பார்த்ததும் இந்த முகம்தான் போலும். அன்றைக்கு இதைப் பக்தி என்று வாசித்தேன்.

கசியவில்லை என்றார். சொட்டுக்கூட இல்லை. நான் இன்ஜினை அணைத்தேன். கொட்டகையில் திடீரென்று காக்கைகளின் சத்தம் பெரிதாயிற்று. சாவியை உருவி, ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் வாங்கவில்லை, அது என்னவென்று தெரியாததுபோலப் பார்த்தார்.

“நாளைக்கு நீரு ஓட்டும்.”

“வேன்காரங்கிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். நீரு முன்னால எம் பக்கத்துல இரியும்.”

“பின்னால இருக்கேன்.”

சாவியை வாங்கி இரு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படியிலிருந்து உலகம்மை எழுந்தாள். நான் இறங்கி, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இருவரையும் கடந்து கிணற்றடிக்கு நடந்தேன். பின்னாலிருந்து அவர் கேட்டார்.

“பாடுவீருல்லா?”

நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன். கயிறு போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், விடிவதற்குள் எனக்கே அது தெரிய வேண்டும், இப்போது தெரியவில்லை. என் தொண்டை உன்னுடையது, அதில் சந்தேகமில்லை; ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு வந்த இவர்களின் காதுகளை இனி எப்படி நம்புவது? தண்ணீரை முகத்தில் அறைந்துகொண்டேன், கண்ணைத் திறந்தபடியே, எரிந்தாலும் மூடாமல். சித்திரத்தில் ஆடுகிறவனே, இந்த மனத்தின் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டவர்கள் எவராயினும் அவர்களைக் காப்பாய். அவர்கள் போகும் சாலை நேராக இருக்கட்டும். அவர்களை நேசிக்கிறவர்கள் சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு பெறட்டும். அப்படிச் சொல்லலாம் என்று பிறருக்குத் தோன்றும் ஒரு முகத்தைக் கேட்டவர்களுக்குக் கொடு. வீடு திரும்பும்வரை அவர்கள் கூட வா; எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.